அந்த ஒரு மணி நேரம்

சைக்கிள் பந்தயத்தில் முன்வரிசைக்கு வந்துவிட்ட ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு படிவம் நிரப்ப வேண்டும். வரப்போகும் ஒவ்வொரு இரவும் எங்கே தூங்குவார், எங்கே பயிற்சி செய்வார், எந்தப் பந்தயத்துக்குப் போகிறார் என்று எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். அதோடு தினமும் ஒரு மணி நேரத்தை அவரே குறித்துக் கொடுக்க வேண்டும். அதிகாலை 5 மணிக்கும் இரவு 11 மணிக்கும் இடையில் ஏதாவது 60 நிமிடம். அந்த 60 நிமிடமும் நான் இந்த முகவரியில்தான் இருப்பேன் என்பது அவர் தரும் வாக்கு. திட்டம் மாறினால் போனிலேயே மாற்றிவிடலாம். ஆனால் மாற்ற மறக்கக் கூடாது.

ஊக்கமருந்து சோதனை அதிகாரி என்றைக்கு வருவார் என்று யாருக்கும் தெரியாது. வாரத்தில் இரண்டு முறை வரலாம், இரண்டு மாதம் வராமலும் இருக்கலாம். வந்தால் அந்த ஒரு மணி நேரமும் வாசலில் காத்திருப்பார். முன்கூட்டிப் போன் செய்ய வேண்டிய கடமை அவருக்கு இல்லை. கடைசி ஐந்து நிமிடத்தில் வேண்டுமானால் கூப்பிட்டுப் பார்க்கலாம். ஆள் கிடைக்கவில்லை என்றால் கணக்கில் ஒன்று. எழுதிக் கொடுத்த தகவலே தப்பு என்றாலும் ஒன்று. 12 மாதத்துக்குள் இப்படி மூன்று சேர்ந்தால் இரண்டு வருடம் வரை தடை. சூழ்நிலையைப் பொறுத்து ஒரு வருடம் வரை குறைப்பார்கள். இந்தத் தண்டனைக்கு அவருடைய சிறுநீரிலோ ரத்தத்திலோ எதையும் கண்டுபிடித்திருக்க வேண்டியதில்லை.

இந்த விதியைப் பற்றி நான் முதன்முதலில் படித்தது 2016 ஆகஸ்டில், கோவையில் ஒரு கல்லூரி விடுதியில் இருந்தபோது. அப்போதைய உலக சாம்பியன், பிரிட்டனின் லிஸ்ஸி ஆர்மிட்ஸ்டெட், ரியோ ஒலிம்பிக்குக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பு அந்தச் செய்தி வெளியே வந்தது. அவர் பெயரில் மூன்று தவறல்கள். ஜூலை 11 அன்று தற்காலிகமாக இடைநீக்கம் செய்திருக்கிறார்கள். ஜூலை 21 அன்று விளையாட்டு நடுவர் மன்றம் அதில் ஒன்றைத் தள்ளுபடி செய்ததால் ஒலிம்பிக்குக்கு வழி கிடைத்திருக்கிறது. அவ்வளவும் ரகசியமாகவே நடந்து முடிந்த பிறகு, ஆகஸ்ட் 1 அன்றுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அதற்கு முந்தின வருடம் ரிச்மண்டில் அவர் உலகப் பட்டம் வென்ற கடைசி ஒரு கிலோமீட்டரை யூடியூபில் எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. என் அறைத்தோழிக்கு சைக்கிள் பந்தயத்தில் ஆர்வம் கிடையாது, என் புலம்பலுக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "எப்படி மிஸ் ஆச்சாம்?" என்றாள்.

சொன்னேன். முதல் தடவை, 2015 ஆகஸ்ட் 20, ஸ்வீடனில் பந்தயத்துக்காகத் தங்கியிருந்த ஹோட்டல். அதிகாலையில் அதிகாரி வந்திருக்கிறார். வரவேற்பில் இருந்தவர்கள் அறை எண்ணைத் தர மறுத்துவிட்டார்கள். போன் செய்தால் எடுக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் சக வீராங்கனை தூங்குகிறார் என்று போனை சைலண்டில் போட்டிருந்தாராம். மறுநாளே சோதித்தார்கள், அதில் எதுவும் இல்லை. இரண்டாவது, அக்டோபரில், படிவத்தில் ஏதோ தகவல் முரண். மூன்றாவது, 2016 ஜூன் 9, குடும்பத்தில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போய், அவசரமாகக் கிளம்பியதில் இடமாற்றத்தைப் பதிவு செய்யவில்லை.

"பாவம்டி, போனை சைலண்ட்ல போட்டது ஒரு குத்தமா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "ஆனா மருந்து போட்டவளும் இதையேதான சொல்லுவா?" என்றாள்.

அந்த இரண்டாவது கேள்வியை என்னால் இன்றுவரை கடக்க முடியவில்லை. அதற்கு விடை தேடிப் போய்த்தான் எனக்கு இரண்டு ராஸ்முசென்களின் கதை கிடைத்தது.

மைக்கேல் ராஸ்முசென் டென்மார்க்காரர். ஒல்லியான உடம்பு, மலையேற்றத்தில் மன்னன். 2005, 2006 இரண்டு வருடமும் டூர் டி பிரான்சின் மலை அரசன் பட்டத்தை வாங்கியவர். 2007-இல் அவர் மஞ்சள் ஜெர்சியோடு, அதாவது ஒட்டுமொத்தப் பந்தயத்தின் முதலிடத்தில், பிரனீஸ் மலைக்கு வந்து சேர்ந்தார். பந்தயத்தின் நடுவில் ஒரு செய்தி கசிந்தது. இருப்பிடத் தகவல் சரியாகக் கொடுக்காததற்காக டென்மார்க் சங்கம் ஜூன் மாதமே அவரைத் தேசிய அணியிலிருந்து விலக்கியிருக்கிறது. ஜூனில் மெக்சிகோவில் இருந்தேன் என்பது அவர் சொன்ன கணக்கு. மனைவியின் ஊர், நம்பக்கூடியதுதான். ஆனால் டாவிடே கசானி என்கிற முன்னாள் இத்தாலிய வீரர், அப்போது தொலைக்காட்சி வர்ணனையாளர், அதே ஜூனில் ராஸ்முசெனை இத்தாலியின் டோலமைட் மலையில் பயிற்சியில் பார்த்ததாகப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டார். 

ஜூலை 25 அன்று கோல் டோபிஸ்க் மலை உச்சியில் ராஸ்முசென் வென்றார். பட்டம் கிட்டத்தட்ட உறுதி, பாரிசுக்கு இன்னும் நான்கு நாள். அன்று இரவே அவருடைய ரபோபேங்க் அணி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மறுநாள் காலை மஞ்சள் ஜெர்சி அணிய ஆளில்லாமல் பந்தயம் கிளம்பியது.

அந்தப் பந்தயத்தில் எந்தச் சோதனையிலும் அவர் சிக்கவில்லை. சில மாதம் கழித்து, மெக்சிகோவில் இல்லை என்பதை மட்டும் ஒப்புக்கொண்டார். சொந்தப் பிரச்சினை, மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். இருப்பிடம் பற்றிப் பொய் சொன்னதற்காக இரண்டு வருடத் தடை. 2013 ஜனவரியில்தான் முழுதும் சொன்னார். 1998 முதல் 2010 வரை மருந்து எடுத்துக்கொண்டேன் என்று. பன்னிரண்டு வருடம். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் அவரைப் பிடித்தது ஆய்வகம் கிடையாது, மலையில் பார்த்த ஒரு ஆள்.

இரண்டாவது ராஸ்முசென், அலெக்ஸ். அவரும் டென்மார்க்தான், மைக்கேலுக்கு உறவில்லை. டிராக் சைக்கிளில் உலகப் பட்டம் வென்றவர். அப்போது விதி 18 மாதத்துக்கு மூன்று. 2011-இல் அவர் அந்த மூன்றைத் தொட்டார், அணி உடனே வேலையை விட்டு நீக்கியது. தன்னுடைய கவனக்குறைவுதான் காரணம் என்றார். டென்மார்க்கில் முதலில் விட்டுவிட்டார்கள், ஒரு தவறலைப் பற்றிய அறிவிப்பைச் சர்வதேச சங்கம் தாமதமாக அனுப்பியது என்ற காரணத்துக்காக. நடுவர் மன்றம் அதை மாற்றி 18 மாதத் தடை கொடுத்தது. 

ஒருவர் ஒளிந்துகொண்டார். இன்னொருவர் மறந்துவிட்டேன் என்றார். ஒருவருக்கு 24 மாதம், மற்றவருக்கு 18. இரண்டு பேர் வீட்டு வாசலிலும் அதிகாரி பார்த்த காட்சி ஒன்றேதான், திறக்காத கதவு.

அப்புறம் எதற்கு இப்படி ஒரு விதி, பந்தயம் முடிந்ததும் சோதித்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. சைக்கிள் பந்தயம் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. ஈ.பி.ஓ. என்கிற மருந்து சிவப்பணுக்களைக் கூட்டும், தசைக்குப் போகும் ஆக்சிஜன் கூடும். 1990-களில் அதைக் கண்டுபிடிக்கச் சோதனையே இல்லை. வேறு வழியில்லாமல் சங்கம் 1997-இல் ஒரு கோடு போட்டது, ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் பந்தயத்தில் ஓட முடியாது என்று. பலருக்கு அது 49 வரை போகலாம் என்ற அனுமதியாகத் தெரிந்தது. 1998 ஜூலையில் ஃபெஸ்டினா அணியின் கார் ஒன்றை பிரெஞ்சு எல்லையில் சுங்க அதிகாரிகள் நிறுத்தினார்கள். உள்ளே பெட்டி பெட்டியாக மருந்து. அடுத்த வருடம் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை உருவானதற்கு அந்தக் கார் ஒரு முக்கியக் காரணம்.

2000-இல் ஈ.பி.ஓ.வுக்குச் சோதனை வந்தது. உடனே அளவைக் குறைத்தார்கள். ராத்திரி படுக்கும்முன் நரம்பில் மிகக் கொஞ்சமாக ஏற்றினால் காலைக்குள் தடயம் மங்கிவிடும். மருந்தின் வேலை மட்டும் வாரக்கணக்கில் உடம்பில் நிற்கும். ஆர்ம்ஸ்ட்ராங்கின் பழைய அணித்தோழர் டைலர் ஹாமில்டன், ஊசி போட்டதிலிருந்து சோதனையில் மாட்டக்கூடிய அந்தச் சில மணி நேரத்துக்கு அவர்களிடம் தனிப்பெயரே இருந்ததை எழுதியிருக்கிறார். உடம்பு மினுங்கும் நேரம். அந்த நேரத்தில் அழைப்பு மணி அடித்தால் கதவைத் திறக்கக் கூடாது, அவ்வளவுதான். பந்தய நாளன்று உடம்பு பளிச்சென்று சுத்தமாக இருக்கும். அதனால்தான் பந்தயம் இல்லாத நாளில், சொல்லாமல் வர வேண்டியிருக்கிறது. அதனால்தான் நிமிடங்களுக்கு இவ்வளவு கனம். 2009 மார்ச்சில் பிரான்சில் ஆர்ம்ஸ்ட்ராங் வீட்டுக்கு வந்த அதிகாரியை அவர் 20 நிமிடம் காக்க வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அது அப்போது பெரிய சர்ச்சை. குளிக்க 20 நிமிடம் எடுப்பது உலகத்தில் ஒரு சர்ச்சையா என்று தோன்றும். நரம்பில் உப்புநீர் ஏற்றி ரத்தத்தை நீர்க்கச் செய்ய அந்த மாதிரி ஒரு இடைவெளி போதும் என்று தெரிந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

சோதனை என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதிகாரி அந்த வீராங்கனையோடு கழிப்பறைக்குள் வருவார். மேலாடை மார்பு வரை தூக்கியிருக்க வேண்டும், கீழாடை முழங்கால் வரை இறங்கியிருக்க வேண்டும். சிறுநீர் உடம்பிலிருந்து வெளியேறுவதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். குறைந்தது 90 மில்லி. வரவில்லை என்றால் வரும்வரை கூடவே இருப்பார். அதிகாரி அதே பாலினத்தவராக இருப்பார் என்பது மட்டும்தான் ஒரே சலுகை. காலை ஆறு மணிக்கு, சொந்த வீட்டில், கணவனோ அம்மாவோ வெளியே காப்பி போட்டுக்கொண்டிருக்கும்போது இது நடக்கும்.

எங்கள் விடுதியில் நுழைவாயிலில் ஒரு நீள நோட்டு உண்டு. பெயர், அறை எண், போகும் நேரம், போகும் இடம், காரணம், வந்த நேரம், கையெழுத்து. மாலை ஆறரைக்குள் உள்ளே வர வேண்டும். மூன்று தடவை தாமதமானால் வீட்டுக்குப் போன் போகும். திருநெல்வேலியிலிருந்து அப்பா ராத்திரி பஸ் பிடித்து வந்து வார்டன் முன்னால் நிற்க வேண்டும். காந்திபுரத்தில் பஸ் நின்றுபோனது, லேப் முடிய நேரமானது, எதைச் சொன்னாலும் வார்டன் மேடத்திடம் ஒரே பதில்தான். "எல்லாரும் இதத்தாம்மா சொல்றாங்க."

எங்கள் விடுதிக்கு எதிர்ச்சாரியில்தான் பையன்கள் விடுதி. அங்கே நோட்டு கிடையாது.

அது போதாதென்று ஏழு மணிக்கு அம்மா போன். "எட்டி, வந்துட்டியா?" "வந்துட்டேம்மா." "எங்க இருக்க?" "ரூம்லதாம்மா." வேலைக்குப் போன பிறகும், கல்யாணப் பேச்சு வந்த பிறகும் அந்தக் கேள்வி நிற்கவில்லை, கேட்கும் ஆள்தான் மாறிக்கொண்டிருந்தார்கள். இதைப் படிக்கும் பெண்களில் பாதிப் பேருக்காவது இது தெரியும். எனக்கும் ஒரு தினசரிப் படிவம் இருந்தது. எழுதிக் கொடுக்காத நேரமெல்லாம் சந்தேக நேரம்.

ஆகவே நியாயமாகப் பார்த்தால் நான் இந்த விதியை வெறுக்க வேண்டும். அந்த ஆகஸ்ட் மாதம் வெறுக்கத்தான் செய்தேன். ஆர்மிட்ஸ்டெட் ரியோவில் ஐந்தாவதாக வந்தார். சக வீரர்கள் சிலரே அவரைச் சந்தேகத்தோடு பேசினார்கள். ஒரு பெண் தூங்கிய தூக்கத்துக்கு உலகமே கணக்குக் கேட்கிறது என்று எனக்குக் கோபம்.

பிறகு மெதுவாக வேறு சில விஷயங்கள் கண்ணில் பட்டன. எங்கள் நோட்டில் பழி மட்டும்தான் ஏறும், இறங்காது. மூன்று வருடம் ஒழுங்காக ஆறரைக்கு வந்தவளுக்கு நாலாவது வருடம் ஏழரை வரை அனுமதி என்று எதுவும் கிடையாது. அங்கே என்னைச் சோதிக்க யாரும் வரவில்லை, சந்தேகப்பட மட்டுமே வந்தார்கள். சைக்கிள்காரருக்கு அந்த அதிகாரி கதவைத் தட்டும்போது, திறந்தால், கையில் ஒன்று கிடைக்கிறது. இன்ன தேதி, இன்ன நேரம், இவர் வீட்டில் இருந்தார், உடம்பில் எதுவும் இல்லை. மருந்து போடாத ஒரு வீரருக்கு அதைத் தவிர வேறு சாட்சியே கிடையாது. எடுக்கவில்லை என்பதை வேறு எப்படி நிரூபிப்பது?

இன்னொன்று, அங்கே மேல்முறையீடு இருந்தது. அந்த ஹோட்டலில் ஆர்மிட்ஸ்டெட்டைக் கண்டுபிடிக்க அதிகாரி செய்ய வேண்டிய முயற்சியைச் செய்யவில்லை, அவர்மீது கவனக்குறைவு இல்லை என்று நடுவர் மன்றம் சொன்னது. எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள் என்று அனுப்பிவிடவில்லை. அந்த மணி நேரத்தை ஆணும் எழுதுகிறான், பெண்ணும் எழுதுகிறாள். சாம்பியன் ஆக ஆகக் கூடுதலாகக் கதவு தட்டப்படும். டூர் டி பிரான்ஸ் வென்ற கிறிஸ் ஃப்ரூமுக்கே ஒரு தவறல் விழுந்ததை அவரே 2015-இல் சொன்னார். இத்தாலியில் ஒரு உயர்தர ஹோட்டல், விருந்தினரைத் தொந்தரவு செய்ய விடமாட்டோம் என்று ஊழியர்கள் அதிகாரியைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. பிரான்சின் ழானி லோங்கோ, பல உலகப் பட்டங்கள் வென்ற சைக்கிள் வீராங்கனை, இந்த விதி அந்தரங்க வாழ்க்கையில் தலையிடுகிறது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். பிரெஞ்சு விளையாட்டு வீரர்களின் தொழிற்சங்கங்களும் வழக்குப் போட்டிருந்தன. 2018 ஜனவரியில் தீர்ப்பு. தலையிடுகிறது, உண்மைதான் என்றது நீதிமன்றம். ஆனால் வீரர்களின் உடல்நலத்துக்கும் போட்டியின் நேர்மைக்கும் அது தேவை, உரிமை மீறல் ஆகாது என்று முடித்தது. எனக்கு அந்தத் தீர்ப்பில் பிடித்தது முதல் பாதி. "உங்க நல்லதுக்குத்தான்" என்று சொல்லி, இழப்பே இல்லாத மாதிரி நடிக்கவில்லை.

நம் ஊரில் கிரிக்கெட் வாரியம் 2009-இல் இந்த இருப்பிட விதிக்குக் கையெழுத்துப் போட மாட்டோம் என்றது. பாதுகாப்பு, அந்தரங்கம் என்று காரணம் சொன்னார்கள். தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையின் கீழ் வர 2019 ஆகஸ்ட் வரை ஆனது. பத்து மாதத்தில் ஐந்து வீரர்களுக்கு, மூன்று ஆண்கள் இரண்டு பெண்கள், தகவல் தராததற்கு நோட்டீஸ். பாஸ்வேர்டில் கோளாறு என்றது வாரியம். இருக்கலாம். பத்து வருடம் அவர்கள் தங்கள் கதவை மூடி வைத்திருக்க முடிந்தது அவர்களிடம் பணம் இருந்ததால். சைக்கிள்காரர்களிடம் அது இல்லை. அதைவிட, நம்பச் சொல்லிக் கேட்கும் உரிமையும் அவர்களிடம் மிச்சமில்லை. ஆர்ம்ஸ்ட்ராங் நூற்றுக்கணக்கான சோதனைகளில் தேறியவர், ஏழு டூர் பட்டங்களையும் 2012-இல் பறிகொடுத்தார். அந்தத் தலைமுறை ஊர் முழுக்கக் கடன் வாங்கிவிட்டுப் போய்விட்டது. இன்றைக்கு இருபது வயதில் சைக்கிள் ஏறும் ஒரு பெண், அவள் பார்த்தே இராத ஆட்களின் கடனுக்கு, தினமும் ஒரு மணி நேரம் வட்டி கட்டுகிறாள்.

இது அநியாயம்தான். அவள் கட்டாவிட்டால் யாரும் அவளை நம்பமாட்டார்கள் என்பதும் உண்மைதான். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என் தோழியின் கேள்விக்கு என்னிடம் இன்னும் விடை இல்லை. மைக்கேல் ராஸ்முசென் சொன்ன பொய்யும், குடும்பத்தில் யாருக்கோ உடம்பு முடியாமல் ஓடிய ஒருத்தியின் உண்மையும் வெளியிலிருந்து கேட்டால் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். ஒருவன் பொய் சொன்னான் என்பது பின்னால் நிரூபணமாகலாம். ஒருத்தி உண்மை சொன்னாள் என்பது அப்படி நிரூபணமாவதே இல்லை. அவளுக்கு எதிராக எதுவும் கிடைக்காத வருடங்கள் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகும், அவ்வளவுதான்.

2021 அக்டோபர் 2, பாரிஸ்-ரூபே பந்தயம் முதல்முறையாகப் பெண்களுக்கு நடந்தது. ஆண்களுக்கு 1896 முதல் நடக்கிறது. கல் பாவிய குண்டும் குழியுமான வடபிரான்ஸ் பாதை, அன்றைக்குச் சேறு வேறு. லிஸ்ஸி, கல்யாணமாகி லிஸ்ஸி டெய்க்னன் ஆகி, ஒரு குழந்தைக்கும் அம்மாவாகியிருந்தார். 80 கிலோமீட்டருக்கு மேல் மிச்சமிருக்கும்போது தனியாகப் பிரிந்து போனார். கையுறை போடவில்லை. பின்சக்கரம் கல்லில் வழுக்கி வழுக்கி நிமிர்ந்தது. ரூபே மைதானத்துக்குள் தனியாக நுழைந்து முடித்து நின்றபோது உள்ளங்கை கிழிந்து, ஹேண்டில்பாரில் சுற்றியிருந்த துணியெல்லாம் ரத்தம்.

நான் வேலை பார்க்கும் ஊரில், வாடகை அறையில், போனைத் தலையணையில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்வீடன் ஹோட்டல் ஞாபகம் வரத்தான் செய்தது. வராமல் இருக்காது. அந்த மூன்றில் மிச்சமிருந்த இரண்டும் ஞாபகம் வந்தன. அதோடு, அதற்குப் பிறகான ஐந்து வருடத்தில் அவர் எழுதிக் கொடுத்திருக்கக்கூடிய அத்தனை காலை மணி நேரங்களும், அழைப்பு மணி அடித்ததும் அடிக்காததுமான நாட்களும் ஞாபகம் வந்தன. நான் அவரை நம்புகிறேன். ஆதாரம் கேட்டால் இவ்வளவுதான் இருக்கிறது.

தோழிக்கு அந்தக் காணொளியை அனுப்பினேன். பார்த்துவிட்டு, "கையில என்னடி இவ்வளவு ரத்தம், மருந்து போட விட்டாங்களா?" என்று கேட்டிருந்தாள்.